கொள்கை ஆய்வு வேலைக்குப் போகும் பிள்ளைகளே, இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் வளர்ந்து, பொருளாதாரமோ சமூகவியலோ படித்துவிட்டு, கொள்கை ஆய்வு நிறுவனத்தில் சேர விரும்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். 1983-இல் தொடங்கிய இசிஸ் மலேசியா, 2014-இல் வந்த கசானா ரிசர்ச் இன்ஸ்டிடியூட் ஆகியவை இத்துறையில் பலரும் அறிந்த பெயர்கள். சட்டமும் திட்டமும் போடுகிறவர்கள் முன்னால் நம்பத்தக்க ஆதாரத்தை வைப்பதுதான் இங்கே வேலை. பெரும்பாலான நாள் வாசிப்பிலும், எண்களைச் சரிபார்ப்பதிலும், எழுதியதையே திருப்பித் திருப்பி எழுதுவதிலும் போய்விடும். பேட்டியும் மேடையும் எப்போதாவதுதான்.

நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, "தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தோட்டத்தைப் பற்றித் தெரியாதா?" என்று நினைத்துக்கொண்டு, யாரையும் விசாரிக்காமலே எழுதத் தொடங்குவது. பாட்டி சொன்ன பெரட்டுக்களமும் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) ஆயாக் கொட்டகையும் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) உண்மைதான். ஆனால் அந்தப் பால்மரக் (ரப்பர்) காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது (எண்ணெய்ப்பனை). தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். நம் குடும்பங்கள் பல தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகள்) மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போய், தொழிற்சாலை வேலையில் இருக்கின்றன. நினைவை வைத்து எழுதினால் அறிக்கை முப்பது வருஷம் பின்னால் நிற்கும்.

அடுத்தது சம்பளக் கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவிடம் "மாசம் எவ்வளவுக்கா வருது?" என்று கேட்டால், "ஆயிரத்து ஐந்நூறு வருதுப்பா" என்பார். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். உடனே "தோட்டம் சட்டத்தை மீறுகிறது" என்று எழுதிவிடாதீர்கள். சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். 1,700-இல் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போகும். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் போனால் கைக்கு வருவது சுமார் 1,500. அக்கா சொன்னது கையில் வாங்கும் பணம், சட்டம் பேசுவது பிடித்தத்துக்கு முந்திய பணம். அதே சீட்டில் விவரமில்லாமல் வேறு ஏதாவது பிடித்தம் இருந்தால், விசாரிக்க வேண்டியது அதைத்தான். அப்புறம், ஈப்போ தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன், வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஆடு மாடு, பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டிய கூலி எல்லாம் சேர்ந்ததுதான் குடும்ப வருமானம்.

வறுமைக் கோட்டையும் அதனோடுதான் ஒப்பிட வேண்டும். 2020-இல் அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்ற பழைய கணக்கை விட்டுவிட்டு 2,208-க்குக் கோட்டை உயர்த்தியது. 2022-க்கான சராசரி 2,589. இது சராசரி மட்டுமே. குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வயது, எந்த ஊர் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் கோடு மாறும். ஒரே எண்ணை எல்லா வீட்டு வாசலிலும் வைத்து அளப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற பிழை. அதேபோல, 2022-இல் மாதக் குடும்ப வருமானத்தின் சராசரி 8,479 ரிங்கிட், நடு அளவு 6,338. பாதிக் குடும்பங்கள் அந்த 6,338-க்குக் கீழே இருந்தன. சராசரியை மட்டும் போட்டால் அவர்களின் நிலை மறைந்துபோகும்.

"அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும்" என்று பரிந்துரையை முடிப்பதும் வேண்டாம். எந்த அரசாங்கம்? நிலம் மாநிலத்தின் கையில். கல்வியும் தொழிலாளர் சட்டமும் கூட்டரசின் கையில். அரசாங்கத்திடம் பகுதி உதவி மட்டும் பெறும் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கூரை ஒழுகுகிறது என்று வையுங்கள். ஆசிரியர் சம்பளம் கல்வி அமைச்சு தருவது. பள்ளி நிற்கும் நிலமோ பெரும்பாலும் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். அமைச்சு, கம்பெனி, பள்ளி வாரியம் ஆகிய மூன்றில் யார் எந்தக் கையெழுத்தைப் போட வேண்டும் என்று எழுதாத பரிந்துரையை வாசித்துவிட்டு மேசையில் வைத்துவிடுவார்கள். அந்தக் கூரையின் கீழே பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது ஆறவே ஆறாத விஷயம்.

களத்துக்குப் போகும்போது மண்டோரை (வேலை மேற்பார்வையாளரை) முன்னால் நிறுத்திக்கொண்டு தொழிலாளியிடம் கேள்வி கேட்காதீர்கள், உண்மை வராது. விடியற்காலையில் வெட்டுக்குப் போய்க் களைத்து வந்தவரைக் குளித்துப் பசியாறவிட்டு அப்புறம் பேசுங்கள். பெயரும் மைகார்டு (அடையாள அட்டை) எண்ணும் தேவைப்படாத ஆய்வில் அவற்றை வாங்கவே வேண்டாம். முக்கியமாக, "எழுதிக்கொண்டு போகிறோம், உதவி வரும்" என்று சொல்லவே கூடாது. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலத்தைக் கழித்த ஒரு பெரியவர் அந்தச் சொல்லை நம்பி வருஷக்கணக்கில் காத்திருப்பார். ஆய்வாளர் தரக்கூடியது ஆதாரம் மட்டுமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நமக்குப் பிடிக்காத முடிவு வந்தாலும் அதை மறைக்கக் கூடாது. நிதி தந்தவருக்குப் பிடிக்காததையும் அப்படித்தான்.

கடைசியாக, அறிக்கை ஆங்கிலத்திலும் மலாயிலும் வெளிவந்ததோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். முக்கிய எண்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, அச்சுக்குப் போகும் முன்பே, பேசியவர்களிடமும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் கொடுங்கள். சம்பளச் சீட்டு காட்டிய அக்கா, "இது சரியில்லையேப்பா" என்றால் திருத்த நேரமிருக்கும்.