ஈயடிச்சான் கொப்பி இல்லாமல் ஒப்படை எழுதுவது எப்படி?

இணையத்தில் தேடுவது, புத்தகம் எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. தலைப்பும் வாசிக்க இரண்டு மூன்று நூல்களும் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, யாழ்ப்பாணத்தின் தரைக்கீழ் நீர்.

முதலில் குறிப்பு. ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் போதும். கணினியில் குறிப்பெடுக்க உட்கார்ந்தால் கை தானாகவே கொப்பி பேஸ்டுக்குப் போய்விடும், அதனால் நான் விடுவதில்லை. நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம் நான்கையும் முதலிலேயே மேலே எழுதிவிடுங்கள். நூலகம் என்ற இணைய நூலகத் தளத்தில் பீடிஎஃப் ஆக வாசிப்பவர்கள் திரை காட்டும் பக்க எண்ணை எடுக்காமல், தாளில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அட்டையும் முன்னுரையும் சேர்வதால் இரண்டும் பெரும்பாலும் ஒத்துவராது. குறிப்பு முழு வசனமாக இருக்கக்கூடாது: "ஆறு இல்லை, கிணறு, சுண்ணாம்புக்கல், மழை". அவ்வளவுதான். அப்படியே எடுக்கும் வசனத்துக்கு அந்த நேரமே மேற்கோள் குறி போடுங்கள், பிறகு அது யாருடைய வசனம் என்று உங்களுக்கே பிடிபடாது.

அடுத்ததில்தான் எல்லாரும் மாட்டுப்படுகிறார்கள். நூலில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

"குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லாமையால் மக்கள் குடிநீருக்கும் விவசாயத்துக்கும் தரைக்கீழ் நீரையே நம்பியுள்ளனர்."

பிள்ளை எழுதிக்கொண்டு வருவது:

"குடாநாட்டில் நிரந்தர நதிகள் காணப்படாமையால் மக்கள் பருகும் நீருக்கும் வேளாண்மைக்கும் நிலத்தடி நீரையே சார்ந்துள்ளனர்."

ஒவ்வொரு சொல்லாக மாற்றி மினக்கெட்டிருக்கிறது, ஆனால் வசனத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. இதுவும் எழுத்துத் திருட்டுத்தான். வசனத்தை மாற்றித் தரும் செயலிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன, கூடவே தமிழையும் கெடுக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நான் செய்விப்பது இது. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "சரி, உன்ர தம்பிக்குச் சொல்லுறமாதிரி எனக்குச் சொல்லு" என்பேன், போனில் ஒலிப்பதிவும் ஓடும். உடனே, "இஞ்ச வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லைத்தானே சேர், அதால எல்லாத்துக்கும் கிணறுதான். மழைத்தண்ணி கல்லு வெடிப்புக்குள்ள இறங்கி நிக்கும்" என்று வரும். அதைக் கேட்டுக் கேட்டு எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் போதும்:

"யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்று நீரே. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கும் மழைநீர்தான் அந்தக் கிணறுகளில் ஊறுகிறது."

சொல்லமுடியாமல் திக்கினால் விளங்கவில்லை என்று அர்த்தம். எழுதப் போகாமல் திரும்ப வாசிக்க வேண்டும். எழுதி முடிந்தபின் மட்டும் புத்தகத்தைத் திறந்து, தகவல் சரியா, மூன்று நான்கு சொற்கள் வரிசையாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சுண்ணாம்புக்கல், நைத்திரேற்று போன்ற கலைச்சொற்களை மாற்றத் தேவையில்லை.

சொந்த வசனம் என்றாலும் தகவல் உங்களுடையது இல்லை. வசன முடிவில் ஆசிரியரையும் ஆண்டையும் அடைப்புக்குள் போடுங்கள். நீங்களே உங்கள் வளவுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதினால் அதற்கு மேற்கோள் வேண்டாம், எப்போது அளந்தது என்று எழுதினால் சரி.

பின்சேர்க்கை: ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கினால் கண்டுபிடிக்க மாட்டார்கள்தானே என்று இரண்டொருவர் கேட்டிருந்தார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் அது அந்தக் கட்டுரையை எழுதியவருடைய கருத்துத்தான், பெயர் போட வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துப் பயன்படுத்த அனுமதி இருக்கிறது என்பதும் உண்மை, ஆனால் அந்த அனுமதியே மூலத்தைக் குறிப்பிடச் சொல்லித்தான் தரப்படுகிறது.

இன்னொன்று, ஒப்படையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் (Turnitin) மென்பொருள் காட்டும் வீதம். அது ஒத்திருக்கும் எழுத்தை எண்ணுகிறதே தவிர, திருட்டு என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஒழுங்காகக் குறி போட்ட மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலும்கூட அதில் சேரலாம். அதனால் வீதத்தைக் குறைக்கிறேன் என்று மேற்கோளின் சொற்களை மாற்றவேண்டாம். நிறம் தீட்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, குறியும் பெயரும் இல்லாததை மட்டும் திருத்துங்கள்.