சொரியாசிஸ்: ஆங்கில மருந்தும் சீன மருந்தும் சேரும்போது

சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்று அழைக்கும் சொரியாசிஸ் ஒட்டுவாரொட்டி அன்று. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தோலைத் தவறாகத் தூண்டிவிடுவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர வேண்டிய தோல் அணுக்கள் சில நாள்களிலேயே மேலெழுந்து வெள்ளிச் செதில்களாகக் குவிகின்றன. இதை வேரோடு அறுக்கும் மருந்து எந்த மருத்துவ முறையிலும் இல்லை. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகமும் (பாலிகிளினிக்) சீன மருந்துக் கடையும் ஒரே அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்கூட இருப்பதால், பலர் இரண்டு இடங்களுக்கும் போகிறார்கள். ஆனால் ஓரிடத்தில் வாங்கும் மருந்தைப் பற்றி மற்றோரிடத்தில் வாய் திறப்பதில்லை. இந்த வழிகாட்டி எழுதப்படுவதே அந்த மௌனத்தை முன்னிட்டுத்தான்.

நோய் எதுவென்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மருத்துவ நூல்களின் படங்களில் சிவப்பாகத் தெரியும் திட்டுகள் நம் கருநிறத் தோலில் ஊதாவாகவோ சாம்பல் பூத்த பழுப்பாகவோதான் தெரியும் என்பதால், படர்தாமரை என்றெண்ணிக் கடையில் களிம்பு வாங்கிப் பூசி மாதக்கணக்கில் காலத்தைக் கடத்திவிடுவோர் உண்டு. பலதுறை மருந்தக மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன் தேசிய தோல் நிலையத்துக்குச் சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தில் சொரியாசிஸும் இருப்பதால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பையும் ஒரு வரம்புவரை பயன்படுத்தலாம். காலையில் விரல் மூட்டுகள் விறைப்பதும் நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழுவதும் மூட்டுவாதத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும். கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திட்டுகள் குறைவாக இருந்தால் ஸ்டீராய்டு களிம்பும் வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியாலும் போதும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கும் களிம்பு ஏறத்தாழ 0.5 கிராம் இருக்கும். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதுமானது. முகத்திலும் தோல் மடிப்புகளிலும் வீரியமான ஸ்டீராய்டைப் பூசக்கூடாது. குளிரூட்டிய அலுவலகத்தில் நாளெல்லாம் அமர்ந்திருப்பவர்கள் குளித்தவுடன் ஈரப்பசைக் களிம்பையும் தடவிக்கொள்வது நல்லது.

நோய் பரவலாக இருந்தால் குறுகிய அலைநீளப் புறஊதா ஒளிச் சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று சிகிச்சை மேலே நகரும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரும் என்பதால், ஒரு கிழமையைக் குறித்து நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அசிட்ரெட்டின் என்ற மாத்திரையை எடுத்த பெண்கள் அதை நிறுத்திய பின்னும் 3 ஆண்டுகளுக்குக் கருத்தரிக்கக்கூடாது. உயிரியல் மருந்து ஊசிகளைத் தொடங்குமுன் காசநோயும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியும் மறைந்திருக்கின்றனவா என்று சோதிப்பார்கள்.

சீன மருத்துவம் இதே நோயை இரத்தச் சூடு, இரத்த வறட்சி, இரத்தத் தேக்கம் என்று பிரித்துப் பார்ப்பதால், ஒரே நோயுள்ள இருவருக்கு வெவ்வேறு மூலிகைக் கலவை தரப்படலாம். இவற்றுள் ஓரளவு நல்ல சான்றுள்ளது, அவுரியைப் போல் நீலச் சாயம் தரும் செடிகளிலிருந்து எடுக்கப்படும் சிங் டாய் என்ற பொடிதான். தைவானில் நடந்த ஆய்வுகளில் அதன் களிம்பு, மருந்தில்லாத களிம்பைவிடத் தெளிவான பலன் தந்தது. அதிலுள்ள இண்டிருபின் என்ற பொருள், நம்மவர் வெயிலில் வைத்துக் காய்ச்சும் தைலத்துக்குரிய வெட்பாலை இலையிலும் இருக்கிறது என்பது எனக்கு வியப்பூட்டிய செய்தி. ஆனால் பூசுவது வேறு, உண்பது வேறு: சிங் டாயைக் குடல் அழற்சிக்காக உட்கொண்ட சிலருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் உயர்ந்ததைக் கண்டு ஜப்பானிய அரசு 2016இல் எச்சரிக்கை விடுத்தது.

ஆகவே யாரிடம் போகிறீர்கள் என்பது முக்கியம். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்குள்ள சீன மருத்துவர்கள் தங்களுக்கான பாரம்பரிய சீன மருத்துவர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; வாரியத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். கலவையிலுள்ள ஒவ்வொரு மூலிகையின் பெயரையும் எழுதி வாங்குங்கள். தர மறுப்பவரிடம் மருந்து வாங்காதீர்கள். பெயரற்ற பொட்டலமோ இணையத்தில் விற்கும் 'அதிசய' களிம்போ மூன்றே நாளில் செதிலை உதிர்த்தால், மகிழ்வதற்குமுன் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று ஐயுறுங்கள். அத்தகைய கலப்படங்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டை உட்கொண்டு திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களாக வெடிக்கக்கூடும்.

இரு மருந்துகளும் மோதும் இடங்கள் இவை. லெய் கொங் தெங் என்ற கொடி நோய் எதிர்ப்பு ஆற்றலை மெய்யாகவே அடக்கும்; கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ஆண்களின் விந்தணுவைக் குறைக்கும், பெண்களின் மாதவிலக்கை நிறுத்தும். ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமையான மெத்தோட்ரெக்ஸேட்டுடன் அதைச் சேர்க்கவே கூடாது. நமக்குக் கார்போகரிசியாக அறிமுகமான பு கு சியும், பாய் சி என்ற வேரும் தோலை ஒளியில் எளிதில் புண்ணாக்கும் என்பதால், ஒளிச் சிகிச்சை பெறுவோர் அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஹுவாங் லியென் என்ற மூலிகையிலுள்ள பெர்பெரின், நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கச் சொரியாசிஸுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். பல கலவைகளில் சேரும் அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும். சைக்ளோஸ்போரினும் அதையே செய்யும். இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு டான் ஷென் என்ற மூலிகை இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

இவ்வளவையும் அறிந்த பின்னும் சீன மருந்தைச் சேர்க்க விரும்பினால், மூலிகைப் பட்டியலைத் தோல் மருத்துவரிடம் காட்டி, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளைச் செய்துகொண்டு தொடங்குங்கள். சோதனையை மீண்டும் எப்போது செய்வது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஆங்கில மருந்தை அப்படியே தொடருங்கள். திட்டுகளை மாதம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். செதில் மறைந்த இடத்தில் நம் தோலில் கருமை பல மாதங்கள் தங்கும். அதை நோயென்று கருதி மேலும் மருந்து பூச வேண்டாம். மூன்று மாதமாகியும் மாற்றம் இல்லையென்றால் சீன மருந்தை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கருப்பது, மூச்சுத் திணறுவது ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் மூலிகையை உடனே நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள். உடல் முழுதும் தோல் கனன்று, காய்ச்சலுடன் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பினால் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள்; போகும்போது மூலிகைப் பட்டியலையும் மாத்திரை உறைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.