ரயில் பாதை வேலைக்கு அட்டவணை போட முன் ஒரு பெரிய தாள் எடுங்கள்

கொம்பியூட்டரைத் திறந்து ஆயிரம் வரி அட்டவணை எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். போருக்குப் பிறகு திரும்பப் போட்ட வடக்கு ரயில் பாதையை உதாரணமாக எடுப்போம். தாளின் குறுக்கே கிலோமீற்றர்: ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, எல்லாம் அதனதன் இடத்தில். மேலிருந்து கீழாக மாதங்கள்.

முதலில் கீறவேண்டியது மழையை. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை முழு நீளத்துக்கும் நிறம் தீட்டிவிடுங்கள், மண் வேலை எதுவும் அதற்குள் வரக்கூடாது. பாதைக்கு அடியால் தண்ணீர் போகும் மதகுகளுக்கு மாரியை மட்டும் பார்த்தால் போதாது. சிறுபோகத்துக்கு, அதாவது வெயில் கால நெல்லுக்கு, குளம் திறந்தால் நல்ல வெயிலிலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், அந்தத் திகதியைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் தீர்மானிப்பார்கள், அது தெரியாமல் வாய்க்காலின் குறுக்கே குழி வெட்டினால் தண்ணீரும் விவசாயிகளும் ஒன்றாக வந்து நிற்பார்கள்.

கண்ணிவெடி அகற்றிய உறுதி கிடைக்காத துண்டில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் இறங்காது. பாதைக்கு மட்டுமல்ல, கிரவல் அள்ளும் இடத்துக்கும் டிப்பர் போய்வரும் வழிக்கும் இதே கதைதான்.

சரி, இப்போது வேலை. ஒவ்வொரு அணியும் ஒரு சரிந்த கோடு, ஒவ்வொரு பாலமும் தன் கிலோமீற்றரில் ஒரு நிற்கும் கோடு. தண்டவாளம் போடும் அணி நாளைக்கு 400 மீற்றர் போகிறது என்று வையுங்கள், 12ஆவது கிலோமீற்றரை 30ஆம் நாளில் தொடும். அங்குள்ள பாலம் 45ஆம் நாளில்தான் முடியும் என்றால் இரண்டு கோடும் முட்டுவது கண்ணுக்கே தெரியும், ஆயிரம் வரி அட்டவணையில் அதைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். தாண்டிப் போய்ச் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். தண்டவாளமும் சல்லியும் புதிதாகப் போட்ட பாதை வழியாகவே வருகின்றன என்றால் தாண்ட முடியாது! பாலத்தை முன்னுக்கு இழுங்கள், இல்லாவிட்டால் அணியை மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் சிலிப்பர் கட்டைகளின் கணக்கையும் அதே கோட்டிலிருந்தே எடுக்கலாம்: 60 சென்ரிமீற்றருக்கு ஒன்று என்றால் 400 மீற்றருக்கு ஏறக்குறைய 670, அதுவும் ஒவ்வொரு நாளும்.

1990க்குப் பிறகு 2013 வரை ஓமந்தைக்கு வடக்கே ரயில் ஓடவில்லை, அதனால் ஓமந்தை–பளை வேலையில் ரயில் வழிமறிக்கவில்லை. ஓடுகிற பாதை என்றால் வேறு கதை. இரவில் வேலைக்கு நாலு மணித்தியாலம் தந்தால் இயந்திரத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரவே பாதி போய்விடும். அனுராதபுரத்துக்கு வடக்கே 2023 தொடக்கத்தில் ரயிலையே நிறுத்தி, வேலை பார்த்து, ஜூலையில்தான் மீண்டும் விட்டார்கள். பயணிகளுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் பெரிய வேலைக்கு நான் அதைத்தான் கேட்பேன்.

துண்டு துண்டாகத் திறக்கலாம். கிளிநொச்சிக்கு 2013 செப்ரெம்பர், பளைக்கு 2014 மார்ச், யாழ்ப்பாணத்துக்கு ஒக்டோபர் என்றுதான் இங்கே ரயில் வந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு தற்காலிகக் கடைசி நிலையத்திலும் எஞ்சின் ரயிலின் மறுமுனைக்குச் சுற்றிவர ஒரு பக்கப் பாதை வேண்டும், அதுவரையுள்ள சமிக்ஞையும் கடவைக் கதவுகளும் சோதித்து முடிந்திருக்கவேண்டும். இவற்றை அடியில் ‘ஏனையவை’ என்று ஒரே வரியில் போடாமல், ஒவ்வொன்றுக்கும் தனித் திகதி எழுதுங்கள்.