வாட்டை ஏற்றிப் பயனில்லை: ஸ்கைடைவிங் நேரலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாணம், குடமுழுக்கு, தேர் என்று நேரலை எடுத்துக் கொடுப்பது என் தொழில். வடக்கே விமானத்திலிருந்து குதிக்கப் பழகும் எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்து கேட்டான்: “மாமா, நான் குதிக்கிறதை அம்மா வீட்டு டிவியில உடனுக்குடன் பார்க்கணும், முடியுமா?” முடியும். ஆனால் அவன் போட்டிருந்த திட்டத்தில் ஏறக்குறைய எல்லாமே தப்பு.

போனை ஹெல்மெட்டில் கட்டி லைவ் போட்டுவிடலாம் என்றான். செல்போன் டவரின் ஆன்டெனாக்கள் தரையை நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டவை. மேலே போனால் ஏகப்பட்ட டவர்கள் ஒரே நேரத்தில் போனுக்குத் தட்டுப்படும், ஒன்றையும் உருப்படியாகப் பிடிக்காது. ஆக்‌ஷன் கேமராவின் வைஃபையோ கூப்பிடு தூரத்துக்குத்தான். ஆக, தனி வீடியோ டிரான்ஸ்மிட்டர் மேலே, ரிசீவர் கீழே என்று போக வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் செய்கிற பெரிய தவறு வரும். படம் உடைந்தால் உடனே அதிக வாட் டிரான்ஸ்மிட்டர் வாங்குவது. 25 மில்லிவாட்டிலிருந்து 800க்குத் தாவினால் கிடைப்பது 15 டெசிபல் (அலையின் பலம் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் கணக்கு இது). குறுக்கே ஒரு மனித உடம்பு வந்தால் போவது 20 டெசிபல்கூட இருக்கும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே, நம் டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை அப்படியே குடித்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது தெளிவாக வருகிற படம், பாராசூட் விரிந்து ஒரு கிலோமீட்டருக்குள் மெதுவாக இறங்கும்போது உடையும். கிட்டே வரவர மோசமாகும். குச்சி ஆன்டெனாவை ஒரு உலக்கையாக நினைத்துக்கொள்ளுங்கள். அலை உலக்கையின் பக்கவாட்டில்தான் பரவும். பூண் இருக்கும் நுனிப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றும் போகாது. குப்புற விழும்போது ஹெல்மெட்டில் நட்ட உலக்கை படுத்திருக்கும், அதன் பக்கம் தரையைப் பார்க்கும். பாராசூட்டில் நிமிர்ந்து தொங்கும்போது அதன் நுனி நேராக நம் ரிசீவரைப் பார்க்கும், நடுவில் ஆளின் உடம்பு வேறு. இதற்கு வாட் என்ன செய்யும்? ஆன்டெனாவைச் சாய்த்து வையுங்கள். ஆள் இறங்கும் இடத்திலேயே உட்காராமல் ஒரு கிலோமீட்டர் தள்ளி உட்காருங்கள். ஒரு திசையைப் பார்க்கும் ஆன்டெனா ஒன்று, எல்லாப் பக்கமும் கேட்கும் ஆன்டெனா ஒன்று என இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும் ரிசீவராக இருக்கட்டும்.

வேகத்தின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. அந்த வேகத்தில் அலைவரிசை நகர்வது சுமார் 1 கிலோஹெர்ட்ஸ்தான். அதைவிட்டுவிடுங்கள்.

சம்பா நட்டு வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கிற நாளில் ஒத்திகை பார்த்தோம். ஒரே அலை நேராக ஒரு தடவை, தண்ணீரில் பட்டு ஒரு தடவை என்று வந்து படத்தைக் குழப்பியது. சுழன்று போகும் அலையை அனுப்பும் ஆன்டெனா இதற்கு மருந்து. வலஞ்சுழியாகப் போன அலை தண்ணீரில் பட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் இடஞ்சுழி ஆகிவிடும், வலஞ்சுழி ரிசீவர் அதை ஒதுக்கிவிடும். இரண்டு முனையிலும் ஒரே சுழி இருக்க வேண்டும், அதை மாற்றி மாட்டிவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்கள் இருக்கிறார்கள். திருவலஞ்சுழிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நானும் ஒரு தடவை அப்படித் தேடினேன்.

வீட்டு வாசலில் 100 மீட்டர் பார்த்துவிட்டு ‘சரி, வேலை செய்கிறது’ என்று கிளம்புவது அடுத்தது. தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும். கொள்ளிடத்து மணலில் 400 மீட்டர் தள்ளி நின்று, ரிசீவருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் அலையை வேண்டுமென்றே 20 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டரை மாட்டினால் 4 கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். ஆன்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும் கரண்ட் கொடுக்காதீர்கள், கருகிவிடும். விமானம் ஏறும்வரை காற்று படாமல் முழு வாட்டில் ஓடவிட்டாலும் அதே கதைதான்.

தொலைவு போகும் என்று 1.2 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போகாதீர்கள். ஜிபிஎஸ்ஸின் ஓர் அலைவரிசை 1227.6 மெகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது, உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. 5.8 பட்டையில் வரம்புக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். ஆனாலும் விமானிக்குச் சொல்லாமல் எதையும் ஆன் செய்யக்கூடாது. நம் ஊரிலேயே குதிக்கலாமே என்கிறவர்களுக்கு: தஞ்சாவூரில் விமானப்படைத் தளம், திருச்சியில் விமான நிலையம். அனுமதி இல்லாமல் நடக்காது.

பையன் அதுவரை 12 தடவைதான் குதித்திருந்தான். அமெரிக்க பாராசூட் சங்கம் கேமரா கட்ட 200 குதிப்பாவது வேண்டும் என்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவில் பாராசூட் கயிறு சிக்கினால், ஹெல்மெட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிட முடிய வேண்டும். தலையிலிருந்து இடுப்பு பேட்டரிக்கு ஒயர் ஓடினால் அதுவும் இழுத்ததும் பிரிந்துவர வேண்டும். அதனால் கேமராவை அவனுக்குக் கட்டவில்லை, அனுபவப்பட்ட இன்னொருவர் கூடவே குதித்து எடுத்தார்.

கடைசித் தவறு என்னுடையது. இணையம் வழியாகப் படம் கும்பகோணம் வர அரை நிமிஷம் பிந்தும் என்று அந்த அம்மாவிடம் சொல்ல மறந்தேன். இறங்கியதும் பையன் போன் போட்டான். “பொய் சொல்லாதேடா, நீ இன்னும் மேலே தொங்கிட்டிருக்கே!” என்று அவர் டிவியைப் பார்த்தபடியே கத்தினார்.