புள்ளி ஓவியம் வாங்குவதற்கு முன்

நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில், அந்நாட்டுப் பழங்குடியினர் புள்ளிபுள்ளியாக வரையும் ஓவியம் ஒன்றை முதன்முதலில் வாங்கியபோது நான் விலையைத்தான் கேட்டேன். இப்போதெல்லாம் முதல் கேள்வியே வேறு: வரைந்தவர் யார், எந்த ஊர், எந்த மொழிக்குழு? "பழங்குடி பாணி" என்று மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பழங்குடியினர் கைவேலைபோல விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

முடிந்தால் ஓவியர்களே உரிமையாளர்களாக இருக்கும் கலை மையத்தில் வாங்குங்கள். 1972இல் தொடங்கிய பாப்புன்யா துலா அப்படிப்பட்டதுதான். ஓவியர் பெயர், ஓவியம் சொல்லும் கதை, பட்டியல் எண் உள்ள சான்றிதழ் கேளுங்கள். விலையில் ஓவியருக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

கதையைப் பற்றி ஒன்று. புள்ளிகள் வெறும் அலங்காரம் இல்லை. புனிதமானவற்றை வெளியாரிடமிருந்து மறைக்கவும் அவை பயன்பட்டன. அதனால் ஓவியர் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், துருவாதீர்கள்.

அப்புறம், ஓவியம் உங்களுடையதானாலும் பதிப்புரிமை ஓவியருடையதே. சட்டையில் அச்சடிக்க அவர் அனுமதி வேண்டும். பின்னாளில் கலை வணிகர் மூலம் 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ விற்றால், 5 சதவீதம் ஓவியருக்குச் சேரும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.