மரங்களுக்கு நடுவே நிச்சயதார்த்த போட்டோ: குன்னூர் சிம்ஸ் பூங்காவில் எடுப்பது எப்படி?

மண்டபத்தில் எடுத்துப் பழகியவர்கள் மரம் அடர்ந்த பூங்காவுக்குப் போனால் இரண்டு விஷயம் படுத்தும். இலைகளில் பட்டு வரும் பச்சை வெளிச்சம் ஒன்று, கேமராவைப் பார்த்ததும் விறைத்துக்கொள்ளும் ஜோடி இன்னொன்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நாம் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டும் நேரமெல்லாம் அவர்கள் சும்மா நிற்கிறார்கள். நிற்க நிற்க விறைப்பு கூடும். அதனால் வெளிச்ச வேலையை ஜோடி வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது என் முறை. ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. இடமும் நாளும்

மேல் குன்னூரில் இருக்கும் சிம்ஸ் பூங்கா 1874இல் தொடங்கியது. சுமார் 12 ஹெக்டேர். ருத்திராட்ச மரம், கற்பூர மரம், பெரணி மரங்கள் எல்லாம் சரிவிலேயே வளர்ந்து நிற்கின்றன. அந்தச் சரிவுதான் எனக்குப் பிடித்தது. மாப்பிள்ளை ரொம்ப உயரம் என்றால் அவரை ஒரு படி கீழே நிறுத்தினால் போதும்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் பழக் கண்காட்சி, கூட்டம் தாங்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூரை நன்றாகவே நனைக்கும். பூங்கா தோட்டக்கலைத் துறையின் கையில் இருப்பதால் ஷூட்டுக்கான அனுமதியையும் கட்டணத்தையும் முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது, அதையும் எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

2. உடை

கிளிப்பச்சை வேண்டாம், இலையோடு கலந்துவிடும். மெரூன், கடுகு மஞ்சள், வெளிர் ரோஜா நிறங்கள் எடுப்பாகத் தெரியும். பளிச்சென்ற சிவப்புப் பட்டு என்றால் ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில், சிவப்பு நிறத்துக்கான வளைவைத் தனியாகப் பாருங்கள். மற்ற நிறங்கள் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் எகிறி, சேலையின் மடிப்பும் நெசவும் காணாமல் போகும். சரிவில் நடக்கப் பருத்திச் சேலையே சுகம். பட்டை நிச்சயத்தன்று கட்டிக்கொள்ளட்டும்.

3. பச்சை வெளிச்சம்

என்னை அதிகம் அலைக்கழித்த படி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரத்தடியில் வரும் வெளிச்சம் நேராக வருவதில்லை. மேலே இலையில் வடிந்து, கீழே புல்லில் பட்டு எழும்பி வருகிறது. புல்தரையில் நின்றால் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பச்சை ஏறும், நெற்றியில் அவ்வளவு இருக்காது. ஒரே முகத்தில் இரண்டு நிறம். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் கழுத்து சரியாகும், நெற்றி ரோஜா நிறமாகிவிடும். ஆகவே இதை கம்ப்யூட்டரில் தீர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், நிற்கும் இடத்திலேயே தீர்க்கப் பாருங்கள்.

புல்லை விட்டு நடைபாதைக்கு வாருங்கள். நிழல் முடிகிற ஓரத்துக்குப் போய், ஜோடியின் முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். உடம்பு நிழலுக்குள், முகம் வானத்தின் பக்கம். பாதி பச்சை அங்கேயே போய்விடும். புல்லில்தான் உட்கார வேண்டும் என்றால், படத்தில் விழாத இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிடுங்கள். மடிக்கிற ரிஃப்ளெக்டரை விட சாதாரண வெள்ளை வேட்டியே எனக்குப் பிடிக்கும், காற்றில் பறக்காது.

ஆனால் அந்த வேட்டியை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுக்காதீர்கள். நீலம் போட்ட துணியில் நீலச் சாயல் இருக்கும். அதை வெள்ளை என்று கேமராவை நம்பவைத்தால் படம் முழுக்க மஞ்சளடிக்கும். ஒரு கிரே கார்டு, அதாவது நிறச் சாயல் இல்லாத சாம்பல் அட்டை, வாங்கிக்கொள்ளுங்கள். நிற்கப்போகும் ஒவ்வொரு இடத்திலும் அதை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால் படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் வேலை மிச்சம். ரா (RAW) ஃபார்மட்டில், அதாவது கேமரா பதித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுப்பது கட்டாயம். மிச்சமிருக்கும் பச்சைக்குத் தோலை மட்டும் மாஸ்க் செய்து (தனியாகத் தேர்ந்தெடுத்து), பச்சைச் சாயலைக் கூட்டிக் குறைக்கும் டின்ட்டைக் கொஞ்சம் மெஜந்தா பக்கம் தள்ளுங்கள்.

இலை இடுக்கில் விழும் வெயில் பொட்டுகள் கண்ணுக்கு அழகு, முகத்தில் விழுந்தால் தழும்பு. ஜோடி நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் பொட்டு விழாத இடமே நமக்கான இடம்.

மூடுபனி இறங்கினால் ஓடி ஒளியாதீர்கள், அதைவிட மென்மையான வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் ஏற்றிக்கொண்டு எடுங்கள். லென்ஸில் நீர்த்துளி சேரும், துடைக்கும் துணி சட்டைப்பையில் இருக்கட்டும்.

4. லென்ஸ்

85 மி.மீ. என் தேர்வு. தள்ளி நின்று எடுக்கலாம், கூச்சம் குறையும். ஆனால் எஃப் 1.8க்கு ஆசைப்படாதீர்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 3 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்கூட இருக்காது. பொண்ணு முகம் பளிச்சென்று விழும், அரையடி பின்னால் நிற்கும் மாப்பிள்ளை மங்கிவிடுவார். எஃப் 4 வைத்தால் ஏறக்குறைய ஒரு அடி கிடைக்கும், இருவருக்கும் போதும். நடக்கும் படங்களுக்கு ஷட்டர் 1/250க்குக் கீழே போகக்கூடாது. ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும்.

5. ஜோடி

வீட்டார் பார்த்துப் பேசி முடித்த நிச்சயம் என்றால் இருவரும் தனியாகப் பேசியதே குறைவாக இருக்கும். அவர்களைக் கட்டிப்பிடிக்கச் சொல்வது அநியாயம். எவ்வளவு நெருக்கம் சரி என்று முதலிலேயே இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பொண்ணு சொல்லும் அளவே கடைசி அளவு.

முதல் கால் மணி நேரம் கேமரா தோளிலேயே தொங்கட்டும், கூடவே நடந்து ஏதாவது பேசுங்கள். அப்புறம், "தம்பி, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே அந்த வளைவு வரைக்கும் போயிட்டு வாங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்று அனுப்புங்கள். போகும்போது எடுக்காதீர்கள், திரும்பி வரும்போது எடுங்கள். அதற்குள் ஏதோ ஒரு பேச்சு தொடங்கியிருக்கும். "சிரிங்க" என்ற வார்த்தையே வேண்டாம். யார் வீட்டில் யார் அதிகம் பேசுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பு தானாக வரும்.

கூட வந்த அத்தையும் சித்தியும் பின்னால் நின்று "தலையை நிமிர்த்தும்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பாசத்தில் சொல்வது, கோபப்பட வேண்டாம். முதல் பத்து படம் குடும்பத்தோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, "அம்மா, பையை எல்லாம் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று பெஞ்சில் உட்காரவைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: போனில் எடுக்கலாமா?

இதைப் படித்த பலர் கேட்டுவிட்டார்கள். எடுக்கலாம். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். 2 மடங்கு ஜூம் வைத்துத் தள்ளி நில்லுங்கள். போர்ட்ரெய்ட் மோடு மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் காற்றில் பறக்கும் முடியையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும், அதனால் பூ வைத்திருந்தால் சாதாரண மோடே நல்லது. திரையில் முகம் தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். மல்லிகை வெள்ளையாய் வெடிக்காமல் ஒவ்வொரு மொட்டும் தெரிகிற அளவு குறைத்தால் போதும்.