பழைய சுங்குடிச் சேலையும் கெம்பு (சிவப்புக் கல்) அட்டிகையும் வாங்கப் போகிறீர்களா?

பழைய சேலை சேர்ப்பதில் நமக்குப் போட்டி, “ஜரிகைச் சேலை எடுக்குறோம்” என்று தெருவில் கூவிப் போகிறவர்தான். சேலையை எரித்து ஜரிகையின் வெள்ளியைப் பிரித்துவிடுவார். சொந்தக்காரப் பாட்டிகளிடம் முந்திக்கொண்டு சொல்லி வையுங்கள்.

சுங்குடியை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். சௌராஷ்டிரப் பெண்கள் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது; பல புள்ளிகளின் நடுவில் கடுகளவு சாயப் பொட்டும் தெரியும். பிசிறில்லாமல் வரிசை கட்டி நின்றால் அது அச்சு. முந்தானையில் பிரிந்து தொங்கும் ஜரிகை இழையைச் சுரண்டுங்கள். வெள்ளியும் அதனுள்ளே சிவப்புப் பட்டுநூலும் வந்தால் நல்ல ஜரிகை. செம்பு இளித்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

கெம்பு வைத்த பழைய கவரிங் அட்டிகை, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் சிலசமயம் மாட்டும். கல்லுக்கு அடியில் பளபளப்புத் தாள் இருக்கும். புளித்தண்ணீரில் ஊறப்போட்டால் ஈரம் இறங்கிக் கல் கறுத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சாமி சிலையை மலிவாக நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். நூறு வருஷம் தாண்டியவற்றுக்கு 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. அந்த வம்பு நமக்கெதற்கு?

சேலையை வெள்ளை வேட்டியில் சுற்றி, வசம்பு முடிச்சு வையுங்கள். அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே இற்றுப்போகும்.